மாடியில் நின்று விடும் புகை யாருடைய மூச்சு?

(பண்டமாரானில் பதிவான, பொது இட நாகரிகம் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு ஒதுக்கப்பட்ட கேள்வி மிகச் சிறியது. தங்கும் விடுதியில் அறை எடுத்த ஒருவர், அறையின் பால்கனியில் நின்று சிகரெட் பிடிப்பது முறையா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கிள்ளான் வட்டாரக் குடும்பங்கள் போர்ட்டிக்சனுக்கும் பினாங்குக்கும் புறப்பட்டு விடுகின்றன. கடலைப் பார்த்த பால்கனி அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறோம். உள்ளே நுழைந்தால் ‘புகைபிடிக்காதீர்’ என்ற அறிவிப்பு இருக்கிறது. மீறினால் துப்புரவுக் கட்டணம் என்று பதிவின்போதே கையொப்பமும் வாங்கி விடுகிறார்கள். புகைப் பழக்கமுள்ள தந்தை என்ன செய்கிறார்? கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே போகிறார். கதவைச் சாத்திவிட்டுப் பற்ற வைக்கிறார்.

அவரை நாகரிகம் தெரியாதவர் என்று சொல்ல முடியுமா? முடியாது. தன் பிள்ளைகள் மீது புகை படக்கூடாது என்ற அக்கறையால்தான் அவர் வெளியே போனார். ஆனால் அந்தப் புகை அவரோடு நிற்பதில்லை. மேல்மாடி அறைக்கு ஏறுகிறது. பக்கத்து அறைக்குத் திரும்புகிறது. அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த ஒரு சிக்கலுக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கண்ணுக்குக் கொடுத்த மரியாதை

புகையிலை நம் மண்ணின் பயிர் அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக இந்தியக் கரைக்கு வந்தது. வந்த பிறகு நன்றாக வேரூன்றிவிட்டது. யாழ்ப்பாணத்துப் புகையிலை பெயர் பெற்ற வாணிபப் பொருளானது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இங்கிலாந்துவரை போனது. சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணி வழியாகவும் மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் வெற்றிலை பாக்கோடு புகையிலையையும், பீடியையும் சுருட்டையும் பழக்கமாகக் கொண்டு வந்தார்கள்.

தோட்டத்து லயங்களில் புகைபிடிப்பதற்கு எழுதப்படாத விதி ஒன்று இருந்தது. பெரியவர் முன்னால் பிடிக்கக்கூடாது. தந்தை வருகிறார் என்றால் மகன் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிடுவான், அல்லது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவான். மாமனார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை கொல்லைப்புறம் போய்ப் பிடிப்பார். கோயில் வாசலில் பிடிக்கமாட்டார்கள். பிடிப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கண்ணில் படக்கூடாது. அதுதான் மரியாதை.

1950-ஆம் ஆண்டு தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் நாடு முழுவதும் புதுக்கிராமங்கள் உருவாயின. அவசரகாலத்தில் எழுந்த அத்தகைய புதுக்கிராமங்களில் ஒன்றுதான் நம் பண்டமாரான். தோட்டத்தை விட்டுத் துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் வேலைக்கு வந்தவர்கள், லயத்தில் கற்ற இந்த மரியாதையையும் கூடவே கொண்டு வந்தார்கள். இன்றுகூட நம் ஆண்கள் பலர் பெரியவரைக் கண்டால் சிகரெட்டை மறைக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இந்த விதி யாருடைய கண்ணைப் பற்றியது? பெரியவருடைய கண்ணைப் பற்றியது. யாருடைய மூச்சைப் பற்றியது? யாருடைய மூச்சையும் பற்றியது அல்ல. மகன் பெரியவர் முன்னால் பிடிக்கமாட்டான். ஆனால் அதே தந்தை கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுருட்டுப் பிடிப்பார். அதை யாரும் குறை சொன்னதில்லை. புகை கேடு செய்யும் என்ற அறிவு அன்று பரவவில்லை.

வராந்தாவும் அஞ்சடியும்

வெள்ளைக்காரர்களின் விதியும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய வீடுகளிலும் விடுதிகளிலும் புகைபிடிப்பதற்கென்று தனி அறை வைத்தார்கள். உடையில் வாடை ஏறிப் பெண்களுக்கு அருவருப்பு ஏற்படக்கூடாது என்பதற்காகப் புகைக்கும்போது அணியத் தனி மேலங்கியே இருந்தது. அவர்கள் மூக்குக்கு மரியாதை கொடுத்தார்கள். நாம் கண்ணுக்குக் கொடுத்தோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

பினாங்கில் 1885-இல் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் விடுதியும், சிங்கப்பூரில் 1887-இல் தொடங்கிய ராஃபிள்ஸ் விடுதியும் வெப்ப நாட்டுக்கேற்ற விடுதிகள். அங்கே உயர்ந்த கூரை, பெரிய சன்னல், நீண்ட வராந்தா எல்லாம் இருந்தன. அந்தக் காலத்தில் குளிர்சாதனம் ஏது? இரவு முழுவதும் சன்னல் திறந்தே இருக்கும். உணவுக்குப் பிறகு சுருட்டுப் பிடிக்க வராந்தாவே வசதியான இடம்.

அந்த வராந்தாவுக்கு நம் கடைத்தெருவில் ஓர் ஏழை உறவினர் உண்டு. அதுதான் அஞ்சடி. 1822-இல் சிங்கப்பூர் நகரத்தைத் திட்டமிட்டபோது, கடை வரிசைகளின் முன்னால் மூடிய நடைபாதை விட வேண்டும் என்று ராஃபிள்ஸ் வகுத்த ஏற்பாடு அது. கோலாலம்பூர் 1881-இல் தீக்கு இரையான பிறகு, ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் காலத்தில் செங்கல், ஓட்டுக் கட்டடங்கள் எழுந்தன. அஞ்சடியும் இங்கே நிலைத்தது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்ஃபீல்ட்ஸ் பழைய கடை வரிசைகளிலும் நாம் நடக்கும் அந்த இடம் கடைக்காரருடையதா, பொதுமக்களுடையதா? இரண்டு பேரும் தங்களுடையது என்பார்கள். 1888 பிப்ரவரியில் சிங்கப்பூரில் அஞ்சடியை ஆக்கிரமித்த பொருள்களை நகராண்மை அகற்றப் புறப்பட்டபோது கலவரமே வெடித்தது. வரலாற்றில் அதற்கு ‘வராந்தா கலவரம்’ என்று பெயர்.

விடுதி பால்கனியும் அஞ்சடியின் வழித்தோன்றல்தான். வாடகை கொடுத்தவருக்கு அது சொந்த இடம். ஆனால் காற்றுக்கு அது பொது இடம். வரிசையாக அடுக்கிய பால்கனிகளுக்கு நடுவே சுவர் இருக்கலாம். காற்றுக்கு எல்லைக்கல் கிடையாது.

இதில் கட்டட அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. சூடான புகை மேலே ஏறும். காற்று கட்டடச் சுவரில் மோதித் திரும்பும். குளிரூட்டப்பட்ட அறையின் குளியலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி ஓடிக்கொண்டிருக்கும். அது வெளியேற்றும் காற்றுக்குப் பதிலாக, பால்கனிக் கதவின் இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். கதவைச் சாத்திவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருக்கும்போதே, நாம் விட்ட புகை நம் அறைக்கும் அடுத்த அறைக்கும் திரும்பி வரக்கூடும்.

முதலில் பயந்தது தீக்குத்தான்

விடுதிக்காரர்கள் புகையைக் கண்டு அஞ்சுவதற்கு முன்பு தீயைக் கண்டு அஞ்சினார்கள். 1982 பிப்ரவரி 8-ஆம் நாள் தோக்கியோவின் நியூ ஜப்பான் விடுதியில் பரவிய தீயில் 33 பேர் மாண்டார்கள். ஒன்பதாம் மாடியில் தங்கியிருந்த ஒருவர் படுக்கையில் புகைத்ததே தீயின் தொடக்கம். தானியங்கி நீர்த்தெளிப்பு வசதியை முறையாகச் செய்யாத விடுதி உரிமையாளர் தண்டிக்கப்பட்டார். ‘படுக்கையில் புகைக்காதீர்’ என்ற எச்சரிக்கைக்கு எவ்வளவு பொருள் உண்டு என்பதை உலகம் அன்று பார்த்தது.

படுக்கையில் வேண்டாம் என்றால் பால்கனியில் பாதுகாப்பா? அதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. 2014 நவம்பர் 25-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், லக்ரோஸ் என்ற 21 மாடி குடியிருப்புக் கட்டடத்தில் எட்டாம் மாடி பால்கனியில், பிளாஸ்டிக் உணவு டப்பாவில் போட்ட சிகரெட் துண்டு சரியாக அணையவில்லை. தீ வெளிச்சுவரில் பதித்திருந்த அலுமினியக் கலவைத் தகடுகளைப் பற்றிக்கொண்டு பத்து, பதினைந்து நிமிடத்தில் உச்சிவரை ஏறிவிட்டது. உயிரிழப்பு இல்லாமல் போனது பெரும் பேறு. 2019-இல் தீர்ப்பளித்த விக்டோரியா தீர்ப்பாயம், சிகரெட்டை விட்டவரின் பொறுப்பு 3 விழுக்காடு மட்டுமே என்றது. பெரும் பொறுப்பைக் கட்டடத்தை வடிவமைத்த, சரிபார்த்த நிபுணர்கள்மீது சுமத்தியது.

இந்தத் தீர்ப்பு சொல்லும் செய்தி இரண்டு. ஒன்று, ஒரு சிகரெட் துண்டு ஒரு கட்டடத்தையே எரிக்கும். மற்றொன்று, பழியைப் புகைப்பவர் தலையில் மட்டும் போட்டுவிட்டுக் கட்டியவரும் நடத்துபவரும் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

கண்ணிலிருந்து மூச்சுக்கு

புகையைப் பற்றிய மனிதனின் எண்ணம் உண்மையில் மாறியது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். 1964-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை, புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் என்பதை உறுதிப்படுத்தியது. 1981-இல் ஜப்பானிய ஆய்வாளர் தக்கேஷி ஹிராயாமா வெளியிட்ட ஆய்வு அடுத்த கதவைத் திறந்தது. புகைக்காத 91,540 மனைவியரைப் பல ஆண்டுகள் கவனித்த அவர், கணவர் அதிகமாகப் புகைத்தால் புகைக்காத மனைவிக்கும் நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடுகிறது என்று காட்டினார். 2006-இல் வந்த அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை, பிறர் விட்ட புகையில் ‘ஆபத்தில்லாத அளவு’ என்று ஒன்று கிடையாது என்று முடிவாகச் சொல்லிவிட்டது. பிறர் புகையால் உலகில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

கேள்வி இங்கேதான் மாறியது. ‘யார் பார்க்கிறார்கள்?’ என்று கேட்ட காலம் போய், ‘யார் சுவாசிக்கிறார்கள்?’ என்று கேட்கும் காலம் வந்தது.

நீதிமன்றங்களும் இதைக் கேட்டன. 1999 ஜூலை 12-ஆம் நாள் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது பிறரின் உயிர் வாழும் உரிமையைப் பாதிக்கிறது என்று தீர்ப்பளித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2001-இல் நாடு முழுவதற்கும் பொது இடத் தடைக்கு உத்தரவிட்டது. அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்த காலத்தில், 2008 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், கடுமையான புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன.

அந்த விதிகளில் விடுதிகளுக்கென ஒரு தனிப் பகுதி உண்டு. 30 அறைகளோ அதற்கு மேலோ உள்ள விடுதி, புகைப்பவர்களுக்குத் தனி அறைகள் வைத்துக்கொள்ளலாம். அந்த அறைகள் ஒரே மாடியில் அல்லது ஒரே பகுதியில் சேர்ந்திருக்க வேண்டும். அவற்றின் புகை நடைவழிக்கும் வரவேற்புக் கூடத்துக்கும் வராமல் வெளியே போக வேண்டும். படிக்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘வெளியே’ என்றால் எங்கே? விதி அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. வெளியே என்பது இன்னொருவரின் பால்கனியாகவும் இருக்கலாமே!

தனி அறை போதாது என்று விடுதித் தொழிலே உணரத் தொடங்கியது. 2006 தொடக்கத்தில் வெஸ்டின் விடுதிகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் முழுமையாகப் புகையற்றவையாயின. அதே ஆண்டு மாரியட் நிறுவனமும் அவ்விரு நாடுகளில் அதே வழியில் சென்றது. பின்னர் கலிஃபோர்னியாவில் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விடுதி அறைகளைச் சோதித்தார்கள். சில அறைகளில் மட்டும் புகைக்க அனுமதிக்கும் விடுதிகளில், ‘புகையற்ற அறை’ எனப் பலகை மாட்டிய அறைகளின் மேற்பரப்புகளில்கூட நிக்கோட்டின் படிந்திருந்தது. முழுத் தடை உள்ள விடுதிகளைவிட அங்கே அளவு கூடுதல். பலகை மாட்டியதால் புகை நின்றுவிடவில்லை.

நம் நாட்டில் மூன்று மீட்டர்

மலேசியா இந்தப் பாதையில் படிப்படியாக நடந்த நாடு. 1993-ஆம் ஆண்டு புகையிலைக் கட்டுப்பாட்டு விதிமுறைகள் மருத்துவமனை, மின்தூக்கி போன்ற இடங்களில் புகைப்பதைத் தடுத்தன. 2004-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிமுறைகள் வந்தன. அதே ஆண்டு பிரதமர் அப்துல்லா அஹ்மட் படாவி ‘தக் நக்’ இயக்கத்தைத் தொடக்கி வைத்தார். ‘வேண்டாம்’ என்ற அந்த இரண்டே மலாய்ச் சொற்களை நம் பிள்ளைகள் தொலைக்காட்சி விளம்பரத்தில் மனப்பாடமாக்கினார்கள். 2005-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை மலேசியா உறுதிப்படுத்தியது.

2019 ஜனவரி 1-ஆம் நாள் பெரிய மாற்றம் வந்தது. அமைச்சர் டாக்டர் சுல்கிப்ளி அஹ்மாட் காலத்தில் எல்லா உணவகங்களும் புகையற்ற இடமாயின. குளிர்சாதன உணவகம் மட்டுமல்ல, திறந்தவெளி மாமாக் கடையும் சாலையோர அங்காடியும் அதில் அடங்கும். மேசையிலிருந்து 3 மீட்டர் தள்ளிப் போய்ப் பிடிக்க வேண்டும். ஓராண்டு அறிவுரைக் காலத்துக்குப் பிறகு, 2020 ஜனவரி 1 முதல் அபராதம் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் முணுமுணுத்தவர்கள் ஏராளம். வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். இன்று தே தாரிக்கை மேசையில் வைத்துவிட்டு எழுந்து தள்ளிப் போய் நிற்பது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. 2024 அக்டோபர் 1-ஆம் நாள், 852-ஆவது சட்டம் என்ற தனிச் சட்டமே நடைமுறைக்கு வந்து, மின்சிகரெட்டையும் தன் வரம்புக்குள் கொண்டு வந்தது.

இந்த 3 மீட்டர்தான் நம் கேள்விக்குத் திறவுகோல். தரையில் நிற்பவர் மூன்று மீட்டர் தள்ளிப் போகலாம். ஆறாம் மாடி பால்கனியில் நிற்பவர் எங்கே தள்ளிப் போவார்? பக்கவாட்டில் அடுத்த அறை. தலைக்கு மேலே இன்னொரு அறை. ‘வெளியே போய்ப் பிடி’ என்ற நம் பழைய மரியாதை தரைக்காக உருவானது. அதை மாடிக்குக் கொண்டு போனால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது.

உலக உடன்படிக்கையை நிறைவேற்றுவதற்கான வழிகாட்டுதல் 2007 ஜூலையில் பாங்காக்கில் ஏற்கப்பட்டது. கூரை உள்ள இடமோ, ஒரு பக்கமாவது சுவர் உள்ள இடமோ ‘மூடிய இட’மாகவே கருதப்பட வேண்டும் என்று அது பரிந்துரைக்கிறது. மேல்மாடி பால்கனியின் அடிப்பாகம் நம் பால்கனிக்குக் கூரை. அறைச் சுவர் ஒரு பக்கம். அந்தப் பரிந்துரைப்படி பார்த்தால், நாம் வெளியே என்று நினைக்கும் பால்கனி உள்ளேதான்!

இரண்டு நாடுகள், இரண்டு விடைகள்

பால்கனிப் புகை உலகில் வேறெங்கும் பேசப்படாத விஷயம் அல்ல. ஜெர்மனியின் பிரெம்னிட்ஸ் என்ற ஊரில், மாடியில் வாடகைக்கிருந்த முதிய தம்பதியர், கீழ்வீட்டார் பால்கனியில் நின்று புகைப்பதால் தங்கள் பால்கனியில் உட்கார முடியவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். இரண்டு நீதிமன்றங்களில் தோற்றார்கள். 2015 ஜனவரி 16-ஆம் நாள் ஜெர்மன் கூட்டரசு நீதிமன்றம் வேறுவிதமாகச் சொன்னது. தன் வாடகை வீட்டில் புகைக்க ஒருவருக்கு உரிமை உண்டு. புகையில்லாமல் தன் பால்கனியில் அமர மற்றவருக்கும் உரிமை உண்டு. தொல்லை கணிசமானது என்றால் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சில மணி நேரம் இவருக்கு, சில மணி நேரம் அவருக்கு.

1970-லேயே பேருந்திலும் திரையரங்கிலும் புகைக்கத் தடை போட்ட சிங்கப்பூரில், 2020 அக்டோபரில் நாடாளுமன்ற உறுப்பினர் லூயிஸ் இங், வீட்டுச் சன்னலருகிலும் பால்கனியிலும் புகைப்பதைச் சட்டம் தடுக்க வேண்டும் என்று வாதிட்டார். அரசு தயங்கியது. வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் சட்டம் தனிமையைப் பாதிக்கும், நடைமுறைப்படுத்துவதும் கடினம் என்று அமைச்சு பதிலளித்தது.

ஒரு நாடு நேரத்தைப் பங்கு போட்டது. மற்றொரு நாடு வீட்டு வாசலில் நின்றுவிட்டது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் தங்கும் விடுதி வீடல்ல என்பதை நாம் மறக்கக்கூடாது. வீட்டில் அண்டை வீட்டாரை நமக்குத் தெரியும், பேசித் தீர்க்கலாம். விடுதியில் மேல்மாடியில் இருப்பவர் யாரென்று தெரியாது. நாளைக்கு அவர் போய்விடுவார், நாமும் போய்விடுவோம். நேரப் பங்கீடு அங்கே செல்லாது. எனவே விடுதியில் விதியை நிர்வாகம்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பணம் கொடுத்தவர் மட்டுமா?

‘நான் பணம் கொடுத்து எடுத்த அறை’ என்று சிலர் வாதிடுவார்கள். மேல்மாடிக்காரரும் பணம் கொடுத்துத்தான் தங்கியிருக்கிறார். பணமே கொடுக்காத இன்னொருவரும் அங்கே உண்டு. காலையில் அறையைத் துப்புரவு செய்ய வருபவர். நாம் அறையில் ஓரிரவு இருக்கிறோம். அவர் ஒரு நாளில் பல அறைகளுக்குள் நுழைகிறார். சாம்பலைக் கொட்டுகிறார், புகை படிந்த திரைச்சீலையைத் தட்டுகிறார், துண்டைப் பூச்சட்டியிலிருந்து பொறுக்குகிறார். விடுதித் துப்புரவு வேலை நம் குடும்பத்துப் பெண்களுக்கும் புதிதல்ல. நமக்கு அது விடுமுறை. அவருக்கு அது தினமும் சுவாசிக்கும் வேலையிடம்.

ஆகவே என் பரிந்துரைகள் எளிமையானவை. விடுதிகள், ‘அறையில் புகைக்காதீர்’ என்று எழுதிவிட்டுப் பால்கனியைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கக்கூடாது. பால்கனியும் அறையில் சேர்ந்தது என்று பதிவின்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சட்டம் இடம் தரும் தரைப் பகுதியில், வாசலையும் சன்னலையும் உணவு மேசையையும் விட்டுத் தள்ளி, மணல் நிரப்பிய சாம்பல் தொட்டியோடு ஓர் இடம் ஒதுக்கித் தர வேண்டும். இடம் காட்டாமல் அபராதம் மட்டும் காட்டினால் மனிதர் ஒளிந்துதான் பிடிப்பார். தோட்டத்துக் கொல்லைப்புறப் பழக்கம் அப்படித்தான் மாடி பால்கனிக்கு ஏறி வந்தது.

புகைப்பவர்கள் மின்தூக்கியில் இறங்கித் தரைக்கு வரும் அந்தச் சில நிமிடத்தைப் பெரிய சிரமமாகக் கருத வேண்டாம். துண்டைத் தண்ணீரில் அணைத்துத் தொட்டியில் போடுங்கள்; கீழே எறியாதீர்கள். பாதிக்கப்படுபவர்கள் சுவருக்கு அப்பால் நின்று திட்டாமல், வரவேற்பு மேசைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்யுங்கள். புகைப்பவர் நம் எதிரி அல்ல; பெரும்பாலும் நம் அப்பாவாக, அண்ணனாக, மாமாவாக இருப்பவர். அரசு மருத்துவ நிலையங்களில் பழக்கத்தை விடுவதற்கான ஆலோசனை கிடைக்கிறது என்பதையும் அன்போடு அவர் காதில் போடுங்கள்.

நம் முன்னோர் பெரியவரைக் கண்டதும் பீடியை மறைத்தார்கள். அந்த மரியாதையை நான் குறைத்துப் பேசவில்லை. இன்னொருவருக்காகத் தன் ஆசையை ஒரு நிமிடம் அடக்குவதுதானே மரியாதை? அதை நாம் இழந்துவிட வேண்டாம். இன்னும் கொஞ்சம் நீட்டுவோம். கண்ணுக்குத் தெரிந்த பெரியவருக்குக் கொடுத்ததை, மேல்மாடியில் கண்ணுக்குத் தெரியாமல் தூங்கும் குழந்தைக்கும் கொடுப்போம்.